பிரான்சின் நாட்டுப்புறக் கோட்டைகள்: பார்வையாளர் வருகையின் வரலாறு (1770–2022)

ஆய்வுச் சுருக்கம்

பிரான்சின் நாட்டுப்புறக் கோட்டைகளும் மாளிகைகளும் இன்று உலகின் பெருஞ்சுற்றுலாத் தலங்களுள் அடங்குவன. பிரபுக்களின் தனியுடைமையாக இருந்த இக்கட்டடங்கள், கட்டணம் செலுத்தும் எவரும் நுழையத்தக்க இடங்களாக மாறிய முறையை இக்கட்டுரை ஆராய்கிறது. புரட்சி அழித்தது, அரசு காத்தது என்னும் வழக்கமான விளக்கம் இம்மாற்றத்தை விளக்கப் போதாது. நிலத்தின் மீதான உரிமைப்போர், உரிமையாளரின் பொருள் நெருக்கடி, வரிச்சலுகை ஆகியவற்றின் பங்கும் இதில் பெரிது. வாயில் திறந்த பின்னர் உள்ளே சொல்லப்படும் வரலாறு எத்தகையது என்னும் வினாவும் இங்கு எழுப்பப்படுகிறது.

திறவுச்சொற்கள்: பிரெஞ்சுக் கோட்டைகள், லுவார் ஆற்றுப் பள்ளத்தாக்கு, நினைவுச்சின்னப் பாதுகாப்பு, நிலவுடைமை, மரபுரிமை, சுற்றுலா வரலாறு.

முன்னுரை

பிரெஞ்சு மொழியில் ‘ஷத்தோ’ எனப்படும் கட்டடத்தைத் தமிழில் ஒரே சொல்லால் சுட்டுதல் அரிது. அகழி, மதில், ஞாயில் ஆகியவை சூழ நின்ற இடைக்காலப் போர்க்கோட்டையும் ஷத்தோவே. 16ஆம் நூற்றாண்டில் போர்த்தேவை குன்றியபின், வேட்டைக்கும் விருந்துக்கும் உரியதாக அகன்ற சாளரங்களுடன் எழுந்த இன்பமாளிகையும் ஷத்தோவே. சிற்றூரின் நடுவே, தொழுவமும் களஞ்சியமும் புறாக்கூடும் சூழ, சிறு நிலவுடைமையாளர் குடியிருந்த வீடு ‘மனுவார்’ எனப்பட்டது. இக்கட்டுரையில் முதலிரண்டும் கோட்டை என்றும், மனுவார் மாளிகைவீடு என்றும் குறிக்கப்படுகின்றன. ஷாம்போரில் எதிரியை நோக்கிய கோபுரங்கள் என ஏதுமில்லை. இருப்பினும் அதன் கோபுர வடிவம் போர்க்கோட்டையின் நினைவைச் சுமந்து நிற்பதால், ‘கோட்டை’ என்னும் சொல் முற்றிலும் பிழையாகாது.

பாரிசுக்குத் தெற்கே, லுவார் ஆற்றையும் அதன் துணையாறுகளையும் ஒட்டிய பகுதி இவ்வகைக் கட்டடங்கள் செறிந்தது. சுல்லி-சூர்-லுவார் முதல் ஷலோன் வரையிலான பள்ளத்தாக்கை யுனெஸ்கோ 2000ஆம் ஆண்டில் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. ஷாம்போர் அதற்கு முன்பே, 1981இல், தனியே சேர்க்கப்பட்டிருந்தது. ஆய்வின் பெரும்பகுதி இவ்வட்டாரத்தையே மையமாகக் கொள்கிறது. தேவைப்படும் இடங்களில் நார்மண்டி, பெர்ரி, யுரா ஆகிய பகுதிகளின் சான்றுகளும் எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

விருந்தினராக வந்தவர்கள்

புரட்சிக்கு முன்னரும் கோட்டைகளுக்குப் பார்வையாளர் வந்தனர். ஆனால் அவர்கள் வந்தது அறிமுகத்தின் பேரிலோ, பணியாளுக்குக் கையூட்டாக அளித்த சில நாணயங்களின் பேரிலோ ஆகும். பார்க்க வருதல் என்பது அக்காலத்தில் சில வேளைகளில் அரசியற் செயலாகவும் அமைந்தது. அம்புவாசுக்கு அருகிலிருந்த ஷாந்தெலூ கோட்டை இதற்குத் தக்க சான்று.

பதினைந்தாம் லூயியின் முதன்மை அமைச்சராக விளங்கிய ஷுவாசேல் கோமகன் 1770 டிசம்பரில் பதவியிழந்து ஷாந்தெலூவுக்கு அனுப்பப்பட்டார். இவர் தமிழ்நில வரலாற்றுக்கு அயலானவர் அல்லர். ஏழாண்டுப் போரை முடித்த 1763ஆம் ஆண்டுப் பாரிசு உடன்படிக்கை இவருடைய ஆளுகைக்காலத்தில் ஏற்பட்டது. ஆங்கிலேயரிடம் வீழ்ந்து தரைமட்டமாகிக் கிடந்த புதுச்சேரி பிரெஞ்சுக்காரருக்குத் திரும்பக் கிடைத்தது அவ்வுடன்படிக்கையினால்தான். மன்னரின் சினத்துக்கு ஆளானவரைச் சென்று காண்பது அரசவையில் எதிர்காலத்தை இழக்கக்கூடிய செயல். அவ்வாறிருந்தும் பிரபுக்கள் அணியணியாக ஷாந்தெலூவுக்கு வந்தனர். அவர்களுக்கு நன்றி செலுத்தும் பொருட்டு, 1775–1778ஆம் ஆண்டுகளில் ஷுவாசேல் தம் தோட்டத்தில் 44 மீட்டர் உயரமுள்ள ஏழடுக்குப் பகோடா ஒன்றை எழுப்பி, வந்தவர்தம் பெயர்களைப் பளிங்கில் பொறிக்க ஏற்பாடு செய்தார். பார்வையாளரின் பெயர்களுக்காகவே எழுப்பப்பட்ட கட்டடம் என்ற வகையில் இது தனித்தன்மையுடையது. பகோடா என்னும் சொல் அதே காலத்தில் புதுச்சேரி வணிகரிடையே கோயிலையும் வராகன் பொற்காசையும் குறித்து வழங்கியது என்பது இங்கு நினைக்கத்தக்கது. ஷாந்தெலூவில் அது சீனக் கலைமோகத்தின் வடிவமாக நின்றது.

1787 செப்டம்பரில் இப்பகுதி வழியாகச் சென்ற ஆங்கில வேளாண் அறிஞர் ஆர்தர் யங்கின் பார்வை முற்றிலும் வேறானது. ஷாம்போரின் 32 கிலோமீட்டர் நீளச் சுற்றுமதிலும், அதனுள் அடங்கிய 5,440 எக்டேர் நிலமும், வேட்டைவிலங்குகளுக்காகப் பயிரின்றிக் கிடந்த மண்ணும் அவருடைய கருத்தைக் கவர்ந்தன. பிரெஞ்சு மன்னர் ஆங்கில முறையில் கிழங்குப் பயிர்ச்சுழற்சிப் பண்ணை ஒன்றை நிறுவ எண்ணினால் அதற்கு உகந்த இடம் இதுவே என்று அவர் எழுதினார். இன்றைய பயணக் கையேடுகள் இக்குறிப்பைக் கடந்து செல்கின்றன. ஆயினும் இரண்டே ஆண்டுகளில் பிரான்சு முழுவதும் வெடித்த வினாவை இவ்வயலவர் கண்டுகொண்டார் எனலாம்: இந்நிலம் யாருக்கு?

நிலமும் கல்லும்

1789 சூலை, ஆகத்து மாதங்களில் ‘பேரச்சம்’ எனப்படும் கிளர்ச்சி நாட்டுப்புறங்களில் பரவியது. உழவர்கள் பல கோட்டைகளுக்குள் புகுந்தனர். அவர்கள் முதன்மையாகத் தேடியது தங்களுடைய கடமைகளும் பாக்கிகளும் எழுதப்பட்டிருந்த நிலப்பதிவேடுகளை. கோட்டையைக் கொளுத்திய நிகழ்வுகள் உண்டெனினும், ஏடுகளை மட்டும் எரித்துவிட்டுத் திரும்பிய ஊர்கள் பல. நாட்டுப்புற மக்கள் பெருந்திரளாகக் கோட்டைக்குள் நுழைந்த முதல் வருகை இதுவே என்பதை மரபுரிமை வரலாறுகள் பெரும்பாலும் கணக்கில் கொள்வதில்லை. 1789 ஆகத்து 4ஆம் நாள் இரவில் தொடங்கிய சட்டமாற்றம், 1793 சூலை 17ஆம் நாள் ஆணையில் முழுமை பெற்றது. எஞ்சிய நிலவுடைமைக் கடன்கள் யாவும் இழப்பீடின்றி நீக்கப்பட்டன. அவற்றுக்குரிய ஆவணங்களை எரிக்கவும் அவ்வாணை பணித்தது.

நாட்டைவிட்டு ஓடிய பிரபுக்களின் உடைமைகள் கையகப்படுத்தப்பட்டு விற்கப்பட்டன. ஷாம்போரின் அறைகலன்கள் 1792இல் ஏலத்தில் போயின. ஆயினும் கோட்டைகள் மிகுதியாக அழிந்தது புரட்சியின் கொந்தளிப்பில் அன்று. அதன்பின் வந்த அமைதியான வணிகக் காலமே அதற்குக் காரணம். ‘கருங்கும்பல்’ என இகழப்பட்ட வணிகர்கள் கோட்டைகளை வாங்கி, கல்லையும் ஈயத்தையும் மரத்தையும் தனித்தனியே விற்றனர். நிலத்தைக் கூறுபோட்டு உழவர்க்கு அளித்தனர். கர்தினால் ரிஷெலியூவின் பெருங்கோட்டை 1805இல் கட்டடப்பொருள் வணிகர் ஒருவரின் கைக்குச் சென்று மறைந்தது. ஷாந்தெலூ 1823இல் இடிக்கப்பட்டது. எஞ்சியது பகோடா மட்டுமே.

இக்கட்டத்தில் எழுந்த ஒரு கருத்துப்போர் விரிவாக நோக்கத்தக்கது. 1820இல் பிறந்த போர்தோ கோமகன் என்னும் அரசகுலக் குழந்தைக்கு ஷாம்போரை நாட்டு மக்களின் நன்கொடையால் வாங்கிப் பரிசளிக்க வேண்டும் என்று முடியாட்சியினர் இயக்கம் நடத்தினர். ஊராட்சிகள் தோறும் பணம் திரட்டப்பட்டது. இதனை எதிர்த்து 1821இல் துரேன் வட்டாரத் திராட்சைத் தோட்டக்காரர் என்று தம்மைக் கூறிக்கொண்ட போல்-லூயி கூரியே சிறுநூல் ஒன்றை வெளியிட்டார். கிரேக்க மொழிப் புலமையும் படைத்துறைப் பட்டறிவும் உடைய இவர், உழவரின் குரலில் எழுதத் தேர்ந்தது கூர்மையான உத்தி. கோட்டை மீண்டும் அரசகுலத்தின் கைக்குச் சென்றால் அவையோரின் ஒழுக்கக்கேடு சிற்றூர்களுக்குப் பரவும் என்பது அவர் முன்வைத்த வாதங்களுள் ஒன்று. நிலம் பிரிக்கப்பட்டால் உழுபவர் பெருகுவர் என்பது மற்றொன்று. அனைவரும் வசைபாடிய கருங்கும்பலுக்கே அவர் வெளிப்படையாக வாழ்த்துக் கூறினார். இந்நூலுக்காக அவர் இரு மாதங்கள் சிறையிருந்தார். நன்கொடை இயக்கம் வென்றது. அக்குழந்தை பின்னாளில் ஷாம்போர் பிரபு என்னும் பட்டப்பெயராலேயே அறியப்பட்டது. 1871இல் அங்கிருந்து வெளியிட்ட அறிக்கையில், மூவண்ணக் கொடியை ஏற்க மறுத்து வெண்கொடியையே வற்புறுத்தித் தம் முடிசூட்டு வாய்ப்பையும் அவர் இழந்தார்.

கூரியேவுக்கு எதிர்முனையில் நின்றவர் விக்தோர் யூகோ. 1832இல் இதழில் வெளிவந்த கட்டுரையில் இடிப்போர்மீது போர் தொடுக்க வேண்டும் என அவர் முழங்கினார். கட்டடத்தின் பயன் உரிமையாளருக்குரியது, அதன் அழகு எல்லோருக்கும் உரியது என்னும் வேறுபாட்டை அவர் முன்வைத்தார். பிற்காலச் சட்டங்கள் அனைத்தும் இக்கருத்தின் மீதே எழுந்தன. வரலாற்று நூல்களில் யூகோ வெற்றியாளராகவும் கூரியே கசப்புணர்வு மிக்க அங்கதக்காரராகவும் காட்டப்படுகின்றனர். இது நேர்மையான மதிப்பீடாகத் தோன்றவில்லை. கல்லின் அழகைப் பற்றி யூகோ பேசினார், கல்லைச் சுற்றிக் கிடந்த நிலத்தைப் பற்றிக் கூரியே பேசினார். அவ்விருவரும் ஒரே வினாவுக்கு விடையளிக்கவில்லை.

பட்டியலும் சட்டமும்

வரலாற்று நினைவுச்சின்னங்களுக்கான தலைமை ஆய்வாளர் பதவி 1830இல் உருவாக்கப்பட்டது. லுதோவிக் வித்தே அதன் முதல் பொறுப்பாளர். 1834இல் எழுத்தாளர் ப்ரோஸ்பேர் மேரிமே அவரைத் தொடர்ந்தார். 1837இல் ஆணையமும், 1840இல் ஆயிரத்திற்கு மேற்பட்ட சின்னங்களைக் கொண்ட முதற்பட்டியலும் அமைந்தன. ஷாம்போர் அதில் இடம்பெற்றது. எனினும் பட்டியலின் பெரும்பகுதி தேவாலயங்களே. தனியார் கோட்டைகளில் அரசு தலையிடுவது சொத்துரிமையைத் தீண்டும் செயலாகக் கருதப்பட்டது. 1887 மார்ச்சு 30ஆம் நாள் சட்டமும் தனியார் கட்டடத்தைப் பட்டியலிட உரிமையாளரின் இசைவை வேண்டி நின்றது. இசைவின்றியே பட்டியலிடும் அதிகாரம் 1913 டிசம்பர் 31ஆம் நாள் சட்டத்தால்தான் கிடைத்தது. இரு சட்டங்களும் பாதுகாப்பைப் பற்றிப் பேசின. பொதுமக்கள் உள்ளே வரலாமா என்பது குறித்து அவை உரிமையாளரைக் கட்டாயப்படுத்தவில்லை.

இடைப்பட்ட காலத்தில் பார்வையாளர் பெருகிக்கொண்டிருந்தனர். ஓர்லெயான் முதல் தூர் வரை இருப்புப்பாதை 1846இல் திறக்கப்பட்டது. மறு ஆண்டே இளைஞரான ஃப்ளோபேர், தம் நண்பர் மக்சீம் து காமுடன் இப்பகுதியில் பயணம் செய்தார். ஷெனோன்சோவில் தியான் த புவாத்தியேயின் கட்டிலைக் கண்டு அவர் கொண்ட கனவுகளைப் பயணநூலில் ஒளிவின்றி எழுதியுள்ளார். 1884இல் நூலாக வந்த ஹென்றி ஜேம்ஸின் பயணக்கட்டுரைகள் ப்ளுவா, ஷாம்போர், அம்புவாஸ், ஷெனோன்சோ, அஸே, லோஷ் என இன்றைய சுற்றுலாத்தடத்தை ஏறத்தாழ முழுமையாக வரைந்து காட்டுகின்றன. 1890இல் பயணக்கழகமும், 1900இல் மிஷெலின் கையேடும் தோன்றின. மிதிவண்டியும் மோட்டார் வண்டியும் இருப்புப்பாதை எட்டாத சிற்றூர்க் கோட்டைகளையும் எட்டச் செய்தன.

அரசே சில கோட்டைகளை வாங்கியது. அஸே-ல-ரிதோ 1905இலும், ஷாம்போர் 1930இலும் அரசுடைமையாயின. அஸேயைக் கட்டுவித்த ழீல் பெர்த்தெலோ, முதலாம் பிரான்சுவாவின் நிதித்துறை அலுவலர். கணக்கு விசாரணைக்கு அஞ்சி 1527இல் அவர் ஓடிப்போனபோது கட்டடம் முற்றுப்பெற்றிருக்கவில்லை. மன்னர் அதனைப் பறித்துக்கொண்டார். லுவார் கோட்டைகளில் பலவற்றை எழுப்பியவர் போர்மறவர் அல்லர், வரியும் கணக்கும் கையாண்ட நிதியாளர் என்பதை இங்கு மனத்தில் கொள்ளுதல் வேண்டும். ஷெனோன்சோவின் தோமா போயியேயும், விலாந்த்ரியின் ழான் ல ப்ரெத்தோனும் அவ்வகையினரே.

உரிமையாளர் ஏன் திறந்தனர்?

தனியார் கோட்டைகளின் வாயில்கள் திறந்த காலம் முதல் உலகப்போரை அடுத்த பத்தாண்டு. காரணம் தெளிவானது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தானிய விலை வீழ்ச்சியும் திராட்சைக் கொடிகளை அழித்த பூச்சிநோயும் நிலக்குத்தகையைக் குறைத்தன. 1914 சூலையில் வருமான வரி சட்டமானது. உருசியப் புரட்சிக்குப்பின் உருசியக் கடன்பத்திரங்கள் மதிப்பிழந்தன. 1928இல் பிராங்கின் மதிப்பு போருக்கு முந்தைய நிலையில் ஐந்திலொன்றாக நிலைநிறுத்தப்பட்டது. கூரை ஒழுகும் கோட்டையைக் காக்க வட்டிப்பணமும் குத்தகைப்பணமும் போதவில்லை.

ஷெவெர்னி கோட்டை 1922இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. உரிமையாளர் குடியிருந்துகொண்டே வாயிலைத் திறந்த முன்னோடிக் கோட்டைகளுள் இது ஒன்று. பெல்ஜிய ஓவியர் எர்ழே தம் தின்தின் படக்கதைகளில் இக்கோட்டையின் இரு பக்கக்கூறுகளை நீக்கி மூலென்சார் மாளிகையாக வரைந்தார். ஷெவெர்னியை அறியாத சிறுவரும் அதன் முகப்பை அறிந்திருப்பது இதனால்தான்.

விலாந்த்ரியின் வரலாறு இன்னும் நுட்பமானது. எசுப்பானியாவில் பிறந்த மருத்துவ ஆய்வாளர் ழொவாக்கிம் கர்வாயோவும் அவர்தம் அமெரிக்க மனைவி ஆன் கோல்மனும் 1906இல் அதனை வாங்கினர். அங்கிருந்த ஆங்கிலப் பாணிப் பூங்காவை அகற்றி, மறுமலர்ச்சிக்கால வரைபடங்களைத் துணைக்கொண்டு அடுக்கடுக்கான தோட்டங்களை அமைத்தனர். முட்டைக்கோசும் பீட்கிழங்கும் சதுரப்பாத்திகளில் வண்ணக்கோலமாக நிற்கும் காய்கறித் தோட்டம் அதன் சிறப்பு. இன்று பார்வையாளர் காண்பது 16ஆம் நூற்றாண்டின் எச்சம் அன்று, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்நூற்றாண்டைக் குறித்து எழுந்த கற்பனை. இதனைப் போலி என ஒதுக்குதல் தகாது. கர்வாயோவின் பங்களிப்பு தோட்டத்தோடு நிற்கவில்லை. 1924இல் அவர் தனியார் கோட்டை உரிமையாளர்களின் சங்கமாக ‘வரலாற்று உறைவிடம்’ என்னும் அமைப்பை நிறுவினார். வாயிலைத் திறப்பவர் தம் சொத்தைப் பொதுநலத்தில் வைக்கின்றார், ஆதலின் அரசு அவர்க்கு உதவக் கடமைப்பட்டது என்பது அதன் அடிப்படை வாதம்.

இவ்வாதம் காலப்போக்கில் வரிச்சட்டத்தின் மொழியில் நுழைந்தது. பட்டியலிடப்பட்ட கட்டடத்தை ஆண்டுக்குக் குறைந்தது 50 நாள்கள் திறந்து வைத்தல் வேண்டும்; அவற்றுள் 25 நாள்கள் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையிலான விடுமுறை நாள்களாக அமைதல் வேண்டும். அல்லது சூலை, ஆகத்து, செப்டம்பர் மாதங்களில் 40 நாள்கள் திறத்தல் வேண்டும். இவ்விதியை நிறைவு செய்தால் ‘பார்வைக்குத் திறந்தது’ என்னும் தகுதியும் பராமரிப்புச் செலவுக்குரிய வரிக்கழிவும் கிடைக்கும். கோடையில் கோட்டைகளின் வாயிற்பலகைகளில் காணப்படும் வியப்பூட்டும் கால அட்டவணைகள் பலவற்றின் விளக்கம் இவ்விதியில் உள்ளது. ‘ஆகத்து முழுவதும், செப்டம்பரில் முதல் ஒன்பது நாள்’ என்பது போன்ற அறிவிப்பு உரிமையாளரின் விருந்தோம்பற் பண்பைக் காட்டிலும் அவருடைய கணக்காளரின் திறமையைக் காட்டுவது.

அரசுக் கோட்டைகளில் பார்வையாளரை ஈர்க்கும் புதுமுறைகள் தோன்றின. ஷாம்போரின் பொறுப்பாளர் போல் ரொபேர்-உதேன் 1952 மே மாதம் ஒலியும் ஒளியும் கொண்ட இரவுக்காட்சியை முதன்முதலாக அங்கு நடத்தினார். உலகெங்கும் பரவிய அக்காட்சிமுறைக்கு இதுவே தாய். 1984 செப்டம்பரில் பண்பாட்டு அமைச்சர் ழாக் லாங் தொடங்கிய திறந்தவாயில் நாள், பின்னர் ஐரோப்பா முழுவதும் மரபுரிமை நாள்களாக வளர்ந்தது. 2017இல் வியேன் மாவட்டத்து லா மோத்-ஷாந்தெனியே இடிகோட்டையை, இணையவழி நன்கொடையால் 18,000க்கும் மேற்பட்டோர் கூட்டாக வாங்கினர். 1932ஆம் ஆண்டுத் தீயில் கூரையிழந்து, உள்ளே மரங்கள் வளர்ந்து நின்ற கட்டடம் அது. 50 யூரோ செலுத்தியவரும் பங்குடையவர். 1821இல் ஓர் அரசகுலக் குழந்தைக்காக ஊர்தோறும் திரட்டப்பட்ட நன்கொடையோடு இதனை ஒப்பிட்டு நோக்கலாம். திரட்டும் முறை ஏறத்தாழ ஒன்றே, பெறுபவர் மாறிவிட்டார்.

மாளிகைவீடுகளும் புறாக்கூடுகளும்

பெருங்கோட்டைகளின் ஒளியில் மாளிகைவீடுகள் ஆய்வாளரின் கண்ணுக்குத் தப்பிவிடுகின்றன. கவிஞர் ரோன்சார் 1524இல் பிறந்த போசோனியேர், பாறையைக் குடைந்த நிலவறைகளின் முகப்பில் பொறிக்கப்பட்ட இலத்தீன் தொடர்களால் அறியப்படுவது. நார்மண்டியின் கூப்சார்த் மாளிகைவீடு, மரச்சட்டகச் சுவர்களுடன் நீர்சூழ நிற்பது. அது இன்றும் வேளாண் குடும்பத்தின் இருப்பிடமாதலால் வெளியிலிருந்தே காணத்தக்கது.

இவ்வீடுகளின் முற்றத்தில் வட்டமாகவோ எண்கோணமாகவோ எழும் புறாக்கூட்டைப் பார்வையாளர் விரும்பிப் படமெடுப்பர். உள்ளே நூற்றுக்கணக்கான பொந்துகள் வரிசையாக அமைந்திருக்கும். பல வட்டாரங்களில் பொந்துகளின் எண்ணிக்கை உரிமையாளரின் நிலப்பரப்புக்கு ஏற்ப வரையறுக்கப்பட்டது. ஆதலின் புறாக்கூடு ஊரார் அனைவரும் படிக்கத்தக்க நிலப்பட்டா போன்றது. புறாக்கள் உழவர் விதைத்த தானியத்தையே உண்டன. அவற்றைக் கொல்ல உழவர்க்கு உரிமையில்லை. 1789 ஆகத்து ஆணைகளின் இரண்டாம் விதி புறாக்கூட்டுத் தனியுரிமையையும், மூன்றாம் விதி வேட்டைத் தனியுரிமையையும் ஒழித்தன. மனித உரிமைச் சாற்றுரை இயற்றப்படும் முன்னரே அவை புறாவைப் பற்றிப் பேசின என்பது நாட்டுப்புறத்தின் சினம் எங்கிருந்தது என்பதைக் காட்டும். புறாக்கூட்டின் அருகில் நிறுத்தப்படும் அறிவிப்புப் பலகை இதனைக் கூறுமாயின் அச்சிறு கட்டடம் வேறொன்றாகத் தோன்றும். அழகிய கூரைவேலையைப் பற்றி மட்டும் கூறும் பலகைகளே மிகுதி.

வழிகாட்டி சொல்வதும் சொல்லாததும்

ஷெனோன்சோ இன்று ‘பெண்டிரின் கோட்டை’ எனப்படுகிறது. கணவர் போர்க்களங்களில் இருந்தபோது கட்டுமானத்தை நடத்திய கத்தரீன் பிரிசொன்னே, ஆற்றின்மீது பாலம் அமைத்த தியான், அப்பாலத்தின்மேல் நீண்ட கூடம் எழுப்பிய கத்தரீன் த மெதிச்சி, புரட்சிக்காலத்தில் அதனைக் காத்த லூயிஸ் துப்பேன் எனத் தொடரும் கதை வரலாற்று அடிப்படை உடையதே. ஆற்றைக் கடக்க அவ்வட்டாரத்தில் வேறு பாலமில்லை என்று வாதிட்டு அதனை இடியாமல் காத்தவர் துப்பேன் அம்மையார் என்பது மரபுச்செய்தி. இளைஞரான ரூசோவைச் செயலாளராகக் கொண்டு, பெண்களின் நிலை குறித்துப் பெருநூல் ஒன்றை அவர் உருவாக்கினார். அவர் வாழ்நாளில் அது வெளிவரவில்லை. முதல் உலகப்போரில் மெனியே குடும்பத்தார் அந்நீண்ட கூடத்தை மருத்துவமனையாக்கினர். இரண்டாயிரத்திற்கு மேற்பட்ட காயமுற்ற வீரர் அங்கு பண்டுவம் பெற்றனர். 1940–1942இல் ஷேர் ஆறு செருமானியர் பிடித்த பகுதிக்கும் பிடிபடாப் பகுதிக்கும் எல்லையாயிற்று. கூடத்தின் தெற்குக் கதவு மறுகரையில் திறந்தது.

இவையனைத்தும் வழிகாட்டிகளால் நன்கு சொல்லப்படுகின்றன. கோட்டைக்குரிய பணம் எங்கிருந்து வந்தது என்பதே தாழ்ந்த குரலில் சொல்லப்படுகிறது. 1733இல் கோட்டையை வாங்கிய குளோத் துப்பேன், அரசின் மறைமுக வரிகளைக் குத்தகைக்கெடுத்துத் திரட்டிய நிறுவனத்தின் பங்காளி. உப்புவரி அவற்றுள் தலையாயது. ரூசோவின் உரையாடலும் துப்பேன் அம்மையாரின் பெண்ணியச் சிந்தனையும் நிகழ்ந்த அறை, உழவரின் உப்பின்மீது நின்ற அறையாகும்.

அக்குடும்பத்தின் வழித்தோன்றலே எழுத்தாளர் ழோர்ழ் சாந். குளோத் துப்பேனின் முதல் மனைவியின் மகன் துப்பேன் த ஃபிராங்கேய், மொரீஸ் த சாக்ஸ் தளபதியின் மகளை மணந்தார். அத்தளபதி ஷாம்போரில் தம் இறுதிநாள்களைக் கழித்து 1750இல் அங்கேயே மறைந்தவர். கைம்பெண்ணான அம்மகள் 1793இல் பெர்ரி வட்டாரத்து நோஆன் மாளிகைவீட்டை வாங்கினார். பெயர்த்தியை அங்கு வளர்த்தார். ஷாம்போரும் ஷெனோன்சோவும் நோஆனும் மூன்று தனிப் பயணச்சீட்டுகளாக விற்கப்படுகின்றன. ஆனால் மூன்றும் ஒரு குடும்பத்தின் ஏற்றத்தையும் இறக்கத்தையும் காட்டும் தொடர்ச்சியான சான்றுகள். உழவரின் வழக்குகளையும் பேச்சையும் புதினத்தில் பதிவுசெய்த பெண், படைத்தளபதிக்கும் வரிக்குத்தகையாளருக்கும் கொள்ளுப்பேத்தி என்ற உண்மை நோஆனின் சமையலறையையும் பொம்மலாட்ட அரங்கையும் புதிய பொருளுடன் நோக்கச் செய்யும். 1952 முதல் அவ்வீடு அரசுடைமை.

குடியேற்ற நாடுகளோடு தொடர்புடைய நினைவுகள் இன்னும் கடினமானவை. யுரா மலைப்பகுதியின் ழூ கோட்டையில், எயித்தி அடிமைப் புரட்சியின் தலைவர் தூசேன் லூவெர்த்தூர் 1803 ஏப்ரல் 7ஆம் நாள் குளிர்ந்த சிறையறையில் உயிர்துறந்தார். இன்று அச்சிறையறை கோட்டைப் பார்வையின் இறுதிப் பகுதியாக அமைகிறது. பலர் அதற்காகவே வருகின்றனர்.

அம்புவாஸ் கோட்டையில் அல்சீரியத் தலைவர் அப்துல் காதிர் 1848 முதல் 1852 வரை குடும்பத்தாருடனும் உடன்வந்தோருடனும் சிறைவைக்கப்பட்டிருந்தார். சரணடைந்தபோது அளிக்கப்பட்ட வாக்குறுதிக்கு மாறாக நிகழ்ந்த சிறைவாசம் அது. அக்காலத்தில் அவருடன் வந்தோரில் 25 பேர் அங்கு மாண்டனர். கோட்டைத் தோட்டத்தின் ஓரத்தில், அல்சீரியக் கலைஞர் இரசீத் குரைசி 2005இல் அவர்களுக்கு 25 நினைவுக்கற்களை அமைத்தார். லியோனார்தோ தா வின்சியின் கல்லறை உள்ள சிற்றாலயமும் இதே வளாகத்தில்தான் உள்ளது. பார்வையாளரின் கூட்டம் சிற்றாலயத்தின் வாயிலில் வரிசையாக நிற்கும். கற்களுக்கு அருகில் அவ்வளவு கூட்டம் இருப்பதில்லை.

அப்துல் காதிருக்கு ஓர் நினைவுச்சின்னம் வேண்டும் என்று அல்சீரியப் போர் நினைவுகள் குறித்து வரலாற்றாசிரியர் பெஞ்சமின் ஸ்தோரா 2021இல் குடியரசுத்தலைவரிடம் அளித்த அறிக்கை பரிந்துரைத்தது. அம்புவாஸ் நகரில், கோட்டையை நோக்கியவாறு, அவருடைய உருவத்தை வெட்டிக்காட்டும் எஃகுச் சிற்பம் நிறுவப்பட்டது. 2022 பிப்ரவரி 5ஆம் நாள் அதன் திறப்பு விழா. அன்று காலையில் வந்தவர்கள் கண்டது சிதைக்கப்பட்ட சிற்பத்தை. விழா ஒத்திவைக்கப்படவில்லை; சிதைந்த சிற்பத்தின் முன்னிலையிலேயே அது நடந்தேறியது.